வளையத்துக்குள் சிக்கிய சூப்பர்மேன்

அது 1999ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. அமெரிக்காவில் கோடை விடுமுறை தொடங்கும் நேரம். நின்டெண்டோ 64 கன்சோலுக்கான ஒரு புதிய கேட்ரிட்ஜ் கடைகளுக்கு வந்தது. பெட்டியின் மேல் பெரிதாக ஒரே ஒரு பெயர்: சூப்பர்மேன்.

அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிய சிறுவன் என்ன எதிர்பார்த்திருப்பான்? வானத்தில் பறக்கலாம், ரயிலைக் கையால் நிறுத்தலாம், கண்ணால் சுவரை ஊடுருவிப் பார்க்கலாம், வில்லன் லெக்ஸ் லூதரை வெளுத்து வாங்கலாம்!

கேட்ரிட்ஜைச் செருகி, சுவிட்சைப் போட்டால் திரையில் தெரிந்தது பச்சை நிறப் பனிமூட்டம். அதற்குள் அரைகுறையாகச் சில கட்டிடங்கள். ஆகாயத்தில் வரிசையாக வளையங்கள். உலகின் மிகப் பலசாலியான நாயகன் செய்ய வேண்டிய முதல் வேலை, சர்க்கஸ் சிங்கம் போல அந்த வளையங்களுக்குள் புகுந்து புகுந்து வெளியே வருவது. சில வளையங்களைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இன்று "சூப்பர்மேன் 64" என்று உலகம் கேலியாக அழைக்கும் விளையாட்டு இதுதான். "உலகின் மிக மோசமான வீடியோ கேம்" பட்டியல் எங்கே போட்டாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் எப்படி இப்படி ஆனது என்று தேடினால், கதை 1999ல் தொடங்கவில்லை. 1938ல் தொடங்குகிறது.

130 டாலர் நாயகன்

அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் நகரில் பள்ளித் தோழர்கள் இருவர். ஜெர்ரி சீகல் கதை எழுதுவார். ஜோ ஷஸ்டர் படம் வரைவார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம்தான் சூப்பர்மேன். பல இடங்களில் நிராகரிக்கப்பட்டு, கடைசியில் 1938ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அது வெளியானது. அதற்காக அந்த இளைஞர்களுக்குக் கிடைத்த தொகை 130 டாலர். அந்தப் பணத்தோடு பாத்திரத்தின் முழு உரிமையும் பதிப்பாளரிடம் போய்விட்டது.

அதற்குப் பிறகு சூப்பர்மேன் ரேடியோவில் வந்தார், கார்ட்டூனில் வந்தார், டிவியில் வந்தார், சினிமாவில் வந்தார். கோடிக்கணக்கில் பணம் புரண்டது. உருவாக்கிய இருவரோ வறுமையில் வாடினார்கள். 1975ல் பெரும் சர்ச்சை எழுந்த பிறகுதான், அப்போதைய உரிமையாளரான வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை தரவும், படைப்பாளிகள் என்று அவர்கள் பெயரைப் போடவும் ஒப்புக்கொண்டது.

இந்தப் பழைய கதை எதற்கு? சூப்பர்மேன் என்பவர் பிறந்த நாளிலிருந்தே ஒரு பாத்திரமாக மட்டும் இருக்கவில்லை, கைமாறக்கூடிய ஒரு சொத்தாகவும் இருந்தார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது மறுபடி வரும்.

இன்னொரு சுவையான விஷயம். 1938ல் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது! அவர் தாவினார். ஒரே தாவலில் எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது சுமார் 200 மீட்டர் தாண்டுவார். இருபது மாடிக் கட்டிடத்தைத் தாவிக் கடப்பார் என்றுதான் முதல் இதழ் சொன்னது. பறக்கும் சக்தி 1940களின் தொடக்கத்தில், ரேடியோ நாடகமும் ஃப்ளைஷர் சகோதரர்களின் கார்ட்டூன் படங்களும் வந்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு அவருடைய சக்திகள் ஏறிக்கொண்டே போயின. அவருக்குப் பயம் காட்ட மிஞ்சியது க்ரிப்டனைட் என்ற பச்சைக் கல் ஒன்றுதான்.

தாவத் தெரிந்தவனுக்குத்தான் விளையாட்டு

இப்போது வீடியோ கேம் பக்கம் வரலாம். 'ப்ளாட்ஃபார்ம்' விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. மேடையிலிருந்து மேடைக்குத் தாவித் தாவிப் போக வேண்டும், குழியில் விழக்கூடாது, இவ்வளவுதான் அதன் சூத்திரம். 1981ல் வந்த 'டாங்கி காங்' இந்த வகைக்கு வழி போட்டது. அதில் உருளும் பீப்பாய்களைத் தாண்டிய குட்டி மனிதனுக்கு முதலில் 'ஜம்ப்மேன்', அதாவது தாவும் மனிதன் என்றே பெயர் இருந்தது. பின்னாளில் உலகமே அவனை மாரியோ என்று அழைத்தது. 1985ன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அந்தச் சூத்திரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது.

மாரியோ ஏன் சுவாரஸ்யமானவன்? அவனால் முடியாதது நிறைய இருப்பதால்! ஒரு குறிப்பிட்ட உயரம்தான் தாவ முடியும். ஒரு ஆமை பட்டாலே கதை முடிந்தது. குழி அகலமாக இருந்தால் ஓடி வந்து தாவ வேண்டும். அந்த இயலாமைதான் விளையாட்டு. விளையாடுபவனின் விரல் கற்றுக்கொள்வதற்கு அங்கேதான் இடம் இருக்கிறது.

இதனால்தான் பேட்மேனுக்கு இந்த வகை சரியாகப் பொருந்தியது. சன்சாஃப்ட் நிறுவனம் நின்டெண்டோவின் பழைய 8 பிட் கன்சோலுக்குச் செய்த 'பேட்மேன்' விளையாட்டில், சுவரில் காலை உதைத்து எதிர்ச் சுவருக்குத் தாவும் ஒரு வித்தை உண்டு. இன்றும் ரசிகர்கள் அதைப் பாராட்டுவார்கள். பேட்மேன் சாதாரண மனிதன். விழுந்தால் அடிபடும்.

சூப்பர்மேனை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். குழி வந்தால் பறந்துவிடுவார். எதிரி சுட்டால் குண்டு நெஞ்சில் பட்டுத் தெறிக்கும். கதவு பூட்டியிருந்தால் சுவரை உடைத்துக்கொண்டு போவார். விளையாட்டு எங்கே இருக்கிறது? 1938ன் தாவும் சூப்பர்மேன் ஒருவேளை அருமையான ப்ளாட்ஃபார்ம் நாயகனாக இருந்திருப்பார். பறக்கும் சூப்பர்மேன் அந்த வகைக்கே எதிரி.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர் ஜான் டன். அட்டாரி 2600 கன்சோலுக்காக 1979ல் அவர் சூப்பர்மேன் விளையாட்டை எழுதினார். அப்போது அட்டாரி, டிசி காமிக்ஸ் இரண்டுமே வார்னர் நிறுவனத்தின் கையில் இருந்தன. அதனால் உரிமம் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. அவர் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. அந்த விளையாட்டில் சூப்பர்மேன் சாகவே மாட்டார். லெக்ஸ் லூதரையும் அவன் ஆட்களையும் பிடித்துச் சிறையில் போட வேண்டும், உடைந்த பாலத்தின் மூன்று துண்டுகளைத் தேடி ஒட்ட வேண்டும், பிறகு க்ளார்க் கென்ட்டாக உடை மாற்றிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. க்ரிப்டனைட் பட்டால் சக்தி போய்விடும்; லோயிஸ் லேன் முத்தமிட்டால்தான் திரும்பும்.

கட்டம் கட்டமான உருவங்கள்தான். நினைவகம் மிகச் சிறியதுதான். ஆனால் யோசனை சரி. பலசாலிக்கு எதிரி கடிகாரம் என்பதை 1979லேயே ஒருவர் புரிந்துகொண்டிருந்தார்! இருபது ஆண்டுகள் கழித்து, பல மடங்கு சக்தி வாய்ந்த இயந்திரத்தில் வந்த சூப்பர்மேன் இந்தப் பாடத்தை மறந்ததுதான் வேடிக்கை.

பிரான்சிலிருந்து வந்தவர்கள்

சூப்பர்மேன் 64ஐத் தயாரித்தது டைட்டஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம். எரிக் கான், எர்வே கான் என்ற சகோதரர்கள் 1985ல் தொடங்கியது. இவர்கள் ஒன்றும் கத்துக்குட்டிகள் அல்லர். பழைய டாஸ் கம்ப்யூட்டர்களில் விளையாடியவர்களுக்கு 'ப்ரீஹிஸ்டாரிக்' ஞாபகம் இருக்கலாம். தடியைத் தூக்கிக்கொண்டு ஓடும் கற்கால மனிதன்! அது டைட்டஸ் செய்ததுதான். 'டைட்டஸ் தி ஃபாக்ஸ்' என்ற நரி விளையாட்டும் அவர்களுடையதே. இரண்டுமே ப்ளாட்ஃபார்ம் விளையாட்டுகள். பக்கவாட்டில் நகரும் இரு பரிமாண உலகம் அவர்களுக்குக் கைவந்த கலை.

1996ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சூப்பர்மேனின் புதிய கார்ட்டூன் தொடர் தொடங்கியது. அதற்கு முன்பு வந்த பேட்மேன் கார்ட்டூனைச் செய்த அதே குழுவினர் என்பதால் நல்ல வரவேற்பு. அந்தத் தொடரை அடிப்படையாகக் கொண்டு விளையாட்டு செய்யும் உரிமத்தை டைட்டஸ் பெற்றது. முதலில் கேம்பாய்க்கு ஒரு சிறிய விளையாட்டு, 1997ல். அடுத்து நின்டெண்டோ 64க்கு முழு முப்பரிமாண விளையாட்டு.

கனவு பெரிது. ஒரு நகரம் முழுக்கச் சுதந்திரமாகப் பறக்கலாம், குற்றங்களைத் தடுக்கலாம் என்பது திட்டம். யோசித்துப் பாருங்கள், 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' முப்பரிமாண நகரத்தைத் திறந்துவிட்டது 2001ல்தான். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, அதுவும் கேட்ரிட்ஜில், ஒரு நடுத்தர நிறுவனம் அதைச் செய்ய நினைத்தது. ஆசை நியாயமானது. கைவசம் இருந்த அனுபவமும் இயந்திரமும்தான் போதவில்லை.

நகரம் எப்படிப் பொய்யானது?

இந்த இடத்தில்தான் "சொத்து" என்ற விஷயம் மறுபடி வருகிறது.

பின்னாளில் அளித்த பேட்டிகளில் எரிக் கான் உரிமம் கொடுத்தவர்கள் மேல் கடுமையாகக் குறை சொன்னார். சூப்பர்மேன் நிஜ மனிதர்களை அடிக்கக்கூடாது என்றார்களாம். அதனால்தான் கதையே ஒரு கற்பனைக் கணினி உலகத்துக்குள் நடப்பதாக மாற்ற வேண்டி வந்ததாம். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒப்புதல் வாங்க அலைந்ததில் நேரம் போய், கடைசியில் நினைத்ததில் மிகச் சிறு பகுதிதான் விளையாட்டில் வந்தது என்பது அவர் வாதம்.

விளையாட்டின் கதையைப் பார்த்தால் இது பொருந்துகிறது. லெக்ஸ் லூதர் சூப்பர்மேனின் நண்பர்களான லோயிஸ் லேன், ஜிம்மி ஓல்சன், பேராசிரியர் ஹாமில்டன் மூவரையும் ஒரு கணினி மாய நகரத்தில் அடைத்துவிடுகிறான். சூப்பர்மேன் அதற்குள் நுழைந்து மீட்க வேண்டும். ஆக, பறப்பது மெட்ரோபோலிஸ் நகரத்தின் மேல் அல்ல, அதன் போலி நகலின் மேல். காப்பாற்றப்படுபவர்களும் நிஜ மனிதர்கள் அல்லர், நகல்கள்.

இதன் விளைவு என்ன? சூப்பர்மேனின் பெயர் பத்திரமாக இருந்தது. அவர் யாரையும் காயப்படுத்தவில்லை. ஆனால் அவர் யாரையும் காப்பாற்றவும் இல்லை! ஒரு காரைத் தூக்கி நிறுத்தி விபத்தைத் தடுக்கும்போது, அடிபடப்போவது வெறும் பொம்மை என்று தெரிந்தால் மனம் எப்படிப் பதறும்? நாயகனின் மதிப்பைக் காப்பாற்றப் போய், நாயகன் எதற்காக இருக்கிறான் என்பதையே எடுத்துவிட்டார்கள்.

இது ஒரு தரப்பின் வாதம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். சுவருக்குள் மாட்டிக்கொள்ளும் உருவம், திசைமாறித் திரும்பும் கேமரா, ஒரு தரம் வேலை செய்து மறுதரம் ஏமாற்றும் பட்டன், இதையெல்லாம் எந்த உரிமையாளரும் கேட்டு வாங்கியிருக்க மாட்டார். அந்தப் பிழைகள் டைட்டஸின் கணக்கில்தான் வரும்.

பனிமூட்டத்தின் ரகசியம்

அந்தப் பச்சைப் பனிமூட்டத்தை "க்ரிப்டனைட் மூட்டம்" என்று விளையாட்டு சொன்னது. லெக்ஸ் பரப்பியதாம். சூப்பர்மேன் ரசிகன் எவனும் சிரிப்பான். க்ரிப்டனைட் பட்டால் சூப்பர்மேன் சுருண்டு விழ வேண்டும். இங்கேயோ அதற்குள்ளேயே நாள் முழுக்கப் பறக்கிறார்!

உண்மைக் காரணம் வேறு. முப்பரிமாண விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு பொருளும் குட்டிக் குட்டி முக்கோணங்களால் ஆனது. ஒவ்வொரு நொடியும் இருபது, முப்பது தடவை அந்த முக்கோணங்களைக் கணக்கிட்டு வரைய வேண்டும். தூரம் அதிகமாகத் தெரிந்தால் முக்கோணங்களும் அதிகம். நின்டெண்டோ 64ல் இருந்தது 4 எம்பி நினைவகம். படத்தின் மேல் பூசும் வண்ணக்கோலங்களைத் தற்காலிகமாக வைக்க வெறும் 4 கேபி இடம். எனவே ஒரு தூரத்துக்கு அப்பால் எதையும் வரையாமல் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் கட்டிடங்கள் திடீர் திடீரென்று முளைப்பது போல் தெரியும். அதை மறைக்கத்தான் பனி.

இது அந்தக் காலத்தில் எல்லோரும் செய்த தந்திரம். 1997ல் வந்த 'டுராக்' விளையாட்டிலும் பனி உண்டு. ஆனால் அங்கே காடு. காட்டில் பனி இருந்தால் யார் கேட்பார்கள்? இதே 1999ல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த 'சைலன்ட் ஹில்' இன்னும் ஒரு படி மேலே போனது. மகளைத் தேடும் ஒரு தகப்பன், பனி மூடிய ஊரில் நடக்கிறான். நாலடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இயந்திரத்தின் பலவீனமே அங்கே பயமாக மாறி, அந்த விளையாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அதே பனியை சூப்பர்மேனுக்குப் போர்த்தினால்? பறப்பதன் சுகமே தூரம் தெரிவதுதான். மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஊர் தெரியும் அல்லவா, அந்தச் சந்தோஷம். அதை எடுத்துவிட்டால் பறப்பதும் நடப்பதும் ஒன்றுதான். கீழே தரை தெரியாது, மேலே வானம் தெரியாது, எதிரே கட்டிடம் வந்து முட்டும்வரை தெரியாது.

வளையங்கள்

பனிக்குள் வழி தெரியாதவனுக்கு வழிகாட்டத்தான் வளையங்களோ என்று தோன்றும். கதைப்படி அது லெக்ஸ் வைக்கும் புதிர்ப்பாதை. கடிகாரம் ஓடும். வளையங்களைத் தொடர்ந்து தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. எல்லா வளையங்களையும் கடந்தால் ஒரு சிறு வேலை: காரைத் தூக்க வேண்டும், ஆட்களைக் காப்பாற்ற வேண்டும். அதற்குக் கொடுக்கப்படும் நேரமோ மிகக் குறைவு. என்ன செய்ய வேண்டும் என்று திரையில் வரும் வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். தோற்றால் மறுபடி வளையங்கள். ஒரு லெவல் வெளியே வளையம், அடுத்த லெவல் கட்டிடத்துக்குள் சண்டை, பிறகு மறுபடி வளையம் என்று இது தொடரும்.

வளையம் என்பதே தவறான யோசனை என்று சொல்ல முடியாது. இதே கன்சோலோடு 1996ல் வந்த 'பைலட்விங்ஸ் 64' விளையாட்டிலும் வளையங்களுக்குள் பறக்க வேண்டும். அது எல்லோருக்கும் பிடித்திருந்தது. அங்கே பறப்பது குட்டி விமானத்திலும் கிளைடரிலும். காற்றை உணர்ந்து, மெல்லத் திருப்பி, வளையத்தின் நடுவே புகுந்தால் "அப்பாடா" என்று இருக்கும். இயந்திரம் ஒவ்வொரு அசைவுக்கும் சரியாகப் பதில் சொல்லும். சூப்பர்மேனிலோ ஸ்டிக்கைத் திருப்பினால் உருவம் தாமதமாகவோ அளவுக்கு மீறியோ திரும்பும். தவறியது விளையாடியவனா, விளையாட்டா என்றே தெரியாது. தோல்விக்குக் காரணம் தெரியாதபோது கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. எரிச்சல் மட்டும்தான் மிச்சம்.

கட்டிடத்துக்குள் போனால் இன்னொரு கொடுமை. வெப்பப் பார்வை, பனி மூச்சு, ஊடுருவும் பார்வை என்ற சக்திகள் எல்லாம் நாயகனிடம் இல்லை! அங்கங்கே கிடக்கும் பொருள்களைப் பொறுக்கினால்தான் கொஞ்ச நேரத்துக்குக் கிடைக்கும். துப்பாக்கி விளையாட்டில் தோட்டா பொறுக்குவது போல. கிரகங்களைத் தாண்டிப் பறக்கும் சூப்பர்மேன் கதவைத் திறக்கச் சாவி அட்டை தேடி அலைகிறார்.

மாரியோவின் இயலாமை மாரியோவுக்குச் சொந்தமானது. சூப்பர்மேனின் இயலாமை வெளியிலிருந்து ஒட்டப்பட்டது. வித்தியாசம் அதுதான்.

ஏமாந்தவர்கள் யார்?

விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 'கேம்ஸ்பாட்' இணையதளம் பத்துக்கு 1.3 மதிப்பெண் கொடுத்தது. ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இந்த விளையாட்டு விற்பனையில் தோற்கவில்லை! ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றதாகத் தயாரிப்பாளர்களே சொன்னார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1999ல் ஒரு விளையாட்டை வாங்கும் முன் அது எப்படி ஓடுகிறது என்று வீடியோவில் பார்க்க வழியில்லை. யூட்யூப் வந்தது 2005ல். பத்திரிகை படிப்பவர்களுக்கு விமர்சனம் தெரியும். பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கப் போகும் பாட்டிக்கு? அவருக்குத் தெரிந்தது பெட்டியின் மேல் இருக்கும் முகம் மட்டும்தான். அந்த முகத்தை அறுபது ஆண்டுகளாக அவர் நம்பியிருக்கிறார். நின்டெண்டோ 64 விளையாட்டுகள் 50 முதல் 70 டாலர் வரை விற்ற காலம் அது. ஒரு நடுத்தரக் குடும்பத்துச் சிறுவனுக்கு ஆண்டில் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். அதில் ஒன்று இதுவாகப் போனால், அந்தக் கோடை முழுக்க வளையம்தான்.

ஒப்பந்தம் போட்டவர்களுக்கு உரிமத்தொகை வந்தது. தயாரித்தவர்களுக்கு விற்பனை வந்தது. நஷ்டப்பட்டவன் கடைசியில் நின்ற சிறுவன். அவனுக்காக மட்டும் அந்த மேசையில் யாரும் பேசவில்லை.

அதே பனி, வேறு நாயகன்

"அந்தக் கன்சோலில் அவ்வளவுதான் முடியும்" என்று வாதிடலாம். அந்த வாதத்தை அடுத்த ஆண்டே ஒருவர் உடைத்தார். அவர் பெயர் ஸ்பைடர்மேன்.

2000ல் நெவர்சாஃப்ட் குழுவினர் செய்த 'ஸ்பைடர்மேன்' முதலில் ப்ளேஸ்டேஷனுக்கும், பின்பு நின்டெண்டோ 64க்கும் வந்தது. அதிலும் நகரத்தின் தெருக்களைப் பனி மூடியிருக்கும். வில்லன்கள் நகரத்தில் பரப்பிய புகை என்று கதையில் காரணமும் சொல்வார்கள். ஆம், அதே தந்திரம்! ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஏன்? பனி கீழேதான். ஸ்பைடர்மேன் இருப்பது மொட்டை மாடிகளின் மேல். கீழே விழுந்தால் ஆபத்து, அதனால் தாவ வேண்டும், வலை வீச வேண்டும். இயந்திரத்தின் எல்லையே நாயகனின் எல்லையாகப் பொருந்திவிட்டது. வலை தீர்ந்துபோகலாம் என்பது கூட அந்தப் பாத்திரத்தின் காமிக்ஸிலேயே இருக்கும் விஷயம்.

சூப்பர்மேன் 64ஐ ப்ளேஸ்டேஷனுக்கும் கொண்டுவரும் முயற்சி நடந்தது. ப்ளூஸ்கை என்ற அமெரிக்க நிறுவனம் ஏறக்குறைய புதிதாகவே ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. உரிமத்தின் காலம் முடிந்துபோனதால் 2000ல் அது கைவிடப்பட்டது. டைட்டஸ் அமெரிக்காவின் புகழ்பெற்ற இன்டர்ப்ளே நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கி வளரப் பார்த்தது. ஆனால் கடன் அழுத்தியது. 2004, 2005ல் திவாலாகி மறைந்தது. ப்ரீஹிஸ்டாரிக் மனிதனை ரசித்தவர்களுக்கு இது வருத்தமான முடிவுதான். இருபது ஆண்டு உழைப்பில் உலகம் ஞாபகம் வைத்திருப்பது இந்த ஒரு தோல்வியை!

கடைசியாக...

2006ல் 'சூப்பர்மேன் ரிடர்ன்ஸ்' படத்தை ஒட்டி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒரு விளையாட்டு வெளியிட்டது. அதுவும் பெரிதாகப் போகவில்லை. ஆனால் அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. சூப்பர்மேனுக்கு உயிர்க்கோடு கிடையாது, நகரத்துக்குத்தான் உண்டு. அவரை அடித்தால் ஒன்றும் ஆகாது. நகரம் அழிந்தால் ஆட்டம் முடிந்தது. 1979ல் ஜான் டன் பிடித்த நூலை ஒருவழியாக யாரோ மறுபடி கையில் எடுத்தார்கள். பலசாலியின் பயம் தன் உயிரைப் பற்றியது அல்ல, தன்னால் எல்லோரையும் சமயத்தில் போய்க் காப்பாற்ற முடியுமா என்பதுதான். சூப்பர்மேன் கதைகளில் நல்லவை எல்லாம் அந்தப் பயத்தில்தான் நிற்கின்றன. நல்ல சூப்பர்மேன் விளையாட்டும் அங்கேதான் நிற்க முடியும்.

1999ல் அந்தப் பயத்தை வேண்டாம் என்று எடுத்துவிட்டு, பதிலுக்கு வளையங்களைத் தொங்கவிட்டார்கள். ஒரு பாத்திரத்தைச் சொத்தாக மட்டும் பார்த்தால், அதில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாகிவிடும். அந்தப் பாத்திரத்தை யார், எதற்காக நேசித்தார்கள் என்பது மறந்துபோகும்.

2012ல் ஓர் ஏலம் நடந்தது. விற்பனைக்கு வந்தது ஒரு பழைய காசோலை. சீகலுக்கும் ஷஸ்டருக்கும் 1938ல் கொடுக்கப்பட்டது. அதில்தான் சூப்பர்மேனுக்கான அந்த 130 டாலரும் அடக்கம். அந்தக் காகிதம் மட்டும் 1,60,000 டாலருக்குப் போனது. கதையை எழுதிய பையனுக்கும் சரி, அறுபது ஆண்டுகள் கழித்து ஆசையாய் கேட்ரிட்ஜைச் செருகிய பையனுக்கும் சரி, கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. நடுவில் இருந்த காகிதத்துக்குத்தான் எப்போதும் நல்ல விலை.